பாதியில் விட்ட படிப்பு: அறுபதில் எத்தனை உங்கள் கையில் இருக்கிறது?

கேள்வி

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 34. தமிழ்நாட்டில் பி.காம். முதலாண்டு முடித்த கையோடு திருமணம். வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் கணவரோடு டாலஸ் அருகே குடியேறினார். 2016இல் பக்கத்து ஊர் கம்யூனிட்டி காலேஜில் (முதலிரண்டு ஆண்டுப் படிப்பைத் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) சேர்ந்து 13 பாடங்களில், அதாவது 40 கிரெடிட்டில் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு), தேறினார். அங்கே பட்டம் வாங்காமலேயே 2018இல் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் கணக்கியல் பிரிவுக்கு மாறினார். மூன்று பருவங்களில் 11 பாடங்களுக்குப் பதிவு செய்தார். 2019இல் மூன்றாம் பருவத்தின் நடுவே ஊரில் அப்பாவுக்குப் பக்கவாதம். அவசரமாகப் புறப்பட்டபோது இரண்டு பாடங்களை முறைப்படி விலக்கிக்கொண்டார், மூன்றாவதை மறந்துவிட்டார். அதில் 'எஃப்', அதாவது தோல்வி, விழுந்தது. 870 டாலர் கட்டணமும் பாக்கி நின்றது. பிறகு அப்பாவின் மறைவு, இரண்டாவது குழந்தை, கொரோனா என்று படிப்பு அப்படியே நின்றுபோனது.

சென்ற ஆண்டு கிரீன் கார்டு வந்துவிட்டது. இப்போது ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் வேலை செய்கிறார். மேற்பார்வையாளர் பதவி காலியாகப்போகிறது; அதற்கு அசோசியேட் எனப்படும் ஈராண்டுப் பட்டமாவது வேண்டும். "மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டுமா? பல்கலைக்கழகத்தில் படித்ததைக் கம்யூனிட்டி காலேஜுக்குக் கொண்டுபோகலாம் என்கிறாள் தோழி. கொண்டுபோனால் பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து அவை போய்விடாதா? இப்படி ஒரு வழி இருந்திருந்தால் பல்கலைக்கழகமே சொல்லியிருக்காதா? என் கணவர் தொலைபேசியில் கேட்டபோது எந்த விவரமும் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். படிப்பதென்றால் நேராக நான்காண்டுப் பட்டத்தையே முடி என்கிறார் அவர். 'பல்கலைக்கழகம் வரை போனவள் திரும்பக் கம்யூனிட்டி காலேஜுக்கா?' என்று நாத்தனார் கேட்டது மனத்தில் தைத்துவிட்டது" என்று முடிக்கிறார். இரண்டு மதிப்பெண் பட்டியல்களின் நகலையும் இணைத்திருக்கிறார்.

பதில்

அன்புச் சகோதரிக்கு,

நாத்தனாரின் கேள்வியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைப்போம். நீங்கள் அனுப்பிய இரண்டு பட்டியல்களையும் வரிவரியாகப் பார்த்தேன். கடிதத்தில் தெரிகிற கலக்கத்துக்கு அவற்றில் காரணம் இல்லை. பட்டத்தின் பெரும்பகுதியை நீங்கள் எப்போதோ படித்து முடித்துவிட்டீர்கள். இரண்டு இடத்துக் கணக்கையும் ஒரே தாளில் வைத்துக் கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லாமல் போயிற்று.

தோழி சொன்னது சரி. கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி, அங்கே பட்டம் முடிப்பதற்குள் பல்கலைக்கழகத்துக்கு மாறியவர்கள், பல்கலைக்கழகத்தில் தேறிய பாடங்களைப் பழைய காலேஜுக்கு அனுப்பி, குறையை நிரப்பி, அசோசியேட் பட்டம் பெறலாம். இதை 'ரிவர்ஸ் டிரான்ஸ்ஃபர்' என்பார்கள். இதில் முன்னோடிகள் என்று பெயர் எடுத்தவை உங்கள் மாநிலத்திலேயே எல் பாசோ நகரின் கம்யூனிட்டி காலேஜும் அங்குள்ள பல்கலைக்கழகமும்தான். 2011இல் டெக்சாஸ் சட்டமன்றம் இதற்கென்றே சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு 'கிரெடிட் வென் இட்ஸ் டியூ' என்ற திட்டத்தின் மூலம் வேறு பல மாநிலங்களும் இறங்கின. கல்லூரியில் கொஞ்சம் படித்துவிட்டு எந்தச் சான்றும் இல்லாமல் இருப்பவர்கள் அமெரிக்காவில் மூன்றரைக் கோடிக்கும் மேல். பலருடைய கதை உங்களுடையதுதான்: இடையில் ஒரு நோய், ஒரு பிரசவம், ஒரு வேலையிழப்பு.

அப்படியானால் பல்கலைக்கழகம் ஏன் உங்களிடம் சொல்லவில்லை? அந்தச் சட்டத்தின் இன்றைய வடிவப்படி, கம்யூனிட்டி காலேஜில் குறைந்தது 30 கிரெடிட் பெற்று, மொத்தம் 66 கிரெடிட்டை எட்டிய மாணவரிடம்தான் பல்கலைக்கழகம் தானாக வந்து சம்மதம் கேட்க வேண்டும். உங்கள் கணக்கு: காலேஜில் 40, பல்கலைக்கழகத்தில் தேறியது 24, ஆக 64. இரண்டு கிரெடிட்டில் நழுவிவிட்டது. ஆனால் அந்த 66 என்பது பல்கலைக்கழகத்தின் கடமை எப்போது தொடங்குகிறது என்பதற்கான அளவு. நீங்களாகப் போய்க் கேட்பதை அது தடுக்கவில்லை.

உங்கள் கணவருக்கு விவரம் தர மறுத்ததையும் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1974ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் ஒன்று மாணவரின் கல்விப் பதிவேட்டைக் காக்கிறது. கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அந்த உரிமை மாணவருக்கு மட்டுமே உரியது; எழுத்தில் சம்மதம் இல்லாமல் பொதுவாகக் கணவரிடமும் பேசமாட்டார்கள், பெற்றோரிடமும் பேசமாட்டார்கள். நீங்கள் கேட்டால் பதில் வரும். இனி இந்த வேலையில் தொலைபேசியை எடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

அறுபதைக் கூட்டிப் பார்ப்போம்

அசோசியேட் பட்டத்துக்குப் பொதுவாக 60 கிரெடிட். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் அதற்குள் 42 கிரெடிட் 'கோர்' எனப்படும் பொதுப் பாடங்கள். கம்யூனிட்டி காலேஜ்களின் பாட எண்களைப் படிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. 'கவர்ன்மென்ட் 2306' என்றால் முதல் எண் 2, இரண்டாம் ஆண்டுப் பாடம். அடுத்த எண் 3, கிரெடிட் அளவு. உங்கள் உயிரியல் பாடம் 1408. முதலாண்டு, ஆய்வகத்தோடு 4 கிரெடிட். காலேஜில் 13 பாடங்களுக்கு 39 வராமல் 40 வந்தது அதனால்தான்.

இனிப் பல்கலைக்கழகப் பட்டியல். 33 கிரெடிட்டில் இரண்டு 'டபிள்யூ' (முறைப்படி விலகியவை), ஒரு 'எஃப்' போக எட்டுப் பாடங்கள் தேறியிருக்கின்றன. அவற்றில் ஒன்று, நுண்பொருளியல், 'டி'. பல்கலைக்கழகம் அதைத் தேர்ச்சியாக எண்ணியிருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் பாடங்களில் 'சி'க்குக் கீழே இருப்பதைப் பல காலேஜ்கள் ஏற்பதில்லை. ஆகவே அதை இப்போதைக்கு அடித்துவிடுங்கள். மிச்சம் ஏழு. இதில் அமெரிக்க வரலாற்றின் இரண்டாம் பகுதி, வானியல், வணிகக் கால்குலஸ், வணிக அறிமுகம் ஆகிய நான்கும் முதலிரண்டு ஆண்டுப் பாடங்கள். நேராகப் போய் உட்காரும். 40உடன் 12, ஆக 52.

மிஞ்சுபவை மூன்று கணக்கியல் பாடங்கள். அவை மூன்றாம் ஆண்டு நிலையிலானவை. எண் 3இல் தொடங்குகிறது. கம்யூனிட்டி காலேஜின் அசோசியேட் படிப்பில் பொதுவாக அந்த நிலையில் பாடம் கிடையாது. ஆகையால் சில காலேஜ்கள் விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்ளும், சில எடுத்துக்கொள்ளாது. துறைத் தலைவரின் ஒப்புதலுக்கு இடமுண்டு. அங்கேதான் நீங்கள் கொஞ்சம் வாதாட வேண்டும். பாடத்திட்டத்தின் நகல், அந்த வாராவாரப் பட்டியலோடு கூடிய 'சிலபஸ்', பழைய மின்னஞ்சலில் எங்காவது இருக்கும். தேடி எடுத்து வையுங்கள். அது கையில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் கிடைக்கும் பதில் வேறு வேறு.

கட்டாயமாகக் குறைவது ஒன்று: கவர்ன்மென்ட் 2306, டெக்சாஸ் அரசு. மாநிலச் சட்டப்படி அரசு பற்றி 6 கிரெடிட் படித்தாக வேண்டும். கூட்டரசு பற்றிய 2305ஐ நீங்கள் முடித்துவிட்டீர்கள். ஊருக்கு ஓடிய பருவத்தில் 'எஃப்' வாங்கியது இந்த 2306க்கு இணையான பாடத்தில்தான். (இங்கே வளராத நம் பெண்கள் பலர் கடைசிவரை தள்ளிப்போடுவதும் இதைத்தான். மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் நடக்கும் அரசியலைப் பற்றி எனக்கு எதற்கு என்பார்கள். நீங்கள் வரி கட்டும் மாநிலம், படித்துப் பாருங்கள், சுவாரசியமாகவே இருக்கும்.)

கணக்கியல் பாடங்களில் இரண்டை ஏற்றுக்கொண்டால் 58. கவர்ன்மென்ட் சேர்ந்தால் 61, பட்டம் கைக்கு வந்துவிடும். ஒன்றையும் ஏற்கவில்லை என்றால் கவர்ன்மென்டோடு இன்னும் இரண்டு பாடங்கள். ஆக ஒரு பாடம், மிஞ்சிப்போனால் மூன்று. இது பட்டியலைப் பார்த்து நான் போட்ட கணக்கு. உங்கள் காலேஜ் அதன் விதிப்புத்தகத்தை வைத்துப் போடும் கணக்குதான் செல்லும். 2016ஆம் ஆண்டு விதிப்புத்தகம் இன்னும் உங்களுக்குப் பொருந்துமா, இந்த ஆண்டுடையதா என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். கேட்டு எழுதி வாங்குங்கள். பட்டம் தரும் காலேஜிலேயே கால் பங்காவது, அதாவது 15 கிரெடிட், படித்திருக்க வேண்டும் என்ற விதி உங்களுக்குத் தடையில்லை. நாற்பது அங்கே இருக்கிறது.

அந்த 'எஃப்' என்ன செய்யும்?

கிரெடிட் மாறும்போது பொதுவாகப் பாடமும் கிரெடிட்டும்தான் மாறும்; மதிப்பெண் சராசரியைக் காலேஜ் தன் இடத்தில் படித்ததை வைத்தே போடும். பட்டத்துக்குக் கேட்பது 2.0, உங்களுக்கு 3.4 இருக்கிறது. எனவே பல்கலைக்கழகத்து 'எஃப்' காலேஜ் பட்டத்தைக் கெடுக்காது. அதே பாடத்தைக் காலேஜில் படித்துத் தேறினால், பிற்பாடு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும்போது கிரெடிட் கிடைக்கும். ஆனால் அங்கே பதிவான 'எஃப்' சராசரியிலிருந்து அழிவது வேறு விஷயம். அதற்குப் பெரும்பாலும் அதே பல்கலைக்கழகத்தில்தான் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். குடும்ப அவசரத்தைக் காட்டி, பின்தேதியிட்டு விலகல் கேட்கும் மனுவும் பல இடங்களில் உண்டு. ஆண்டுகள் பல ஓடிவிட்டன என்பதால் அதை நம்பி உட்கார வேண்டாம். கடவுச்சீட்டில் குத்திய தேதி, அப்பாவின் மருத்துவமனைச் சீட்டு இரண்டும் இருந்தால் ஒரு மனு போட்டுவைப்பதில் நஷ்டமில்லை.

கிரெடிட் பறிபோய்விடுமா என்ற பயம் வேண்டாம். அனுப்புவது பதிவின் நகல்தான். அசல் பல்கலைக்கழகத்திலேயே இருக்கும். அசோசியேட் பட்டம் வாங்கியதால் நான்காண்டுப் பட்டத்துக்கான கிரெடிட் ஒன்றுகூடக் குறையாது.

ஒரு எச்சரிக்கை. டெக்சாஸில் 'அகடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பத்தாண்டுக்கு முந்தைய கல்லூரிப் பதிவை ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். 'எஃப்' போய்விடுமே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். உங்கள் 'எஃப்'புக்கு இன்னும் பத்தாண்டு ஆகவில்லை; ஆன பிறகும் அந்த ஏற்பாடு நல்லதையும் சேர்த்தே ஒதுக்கும். பொறுக்கி எடுக்க முடியாது. உங்களுக்கு வேண்டாம்.

870 டாலர் பாக்கி

இது உண்மையான முட்டுக்கட்டை. பல்கலைக்கழகம் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட்டை, அதாவது மதிப்பெண் பட்டியலை, அனுப்பாமல் காலேஜ் எதையும் ஏற்காது. நீங்கள் எனக்கு அனுப்பியது இணையத்திலிருந்து இறக்கிய நகல், அது ஆலோசனைக்கு மட்டுமே பயன்படும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த கூட்டரசு விதி ஒன்று, பாக்கியைக் காரணம் காட்டி டிரான்ஸ்கிரிப்ட்டை நிறுத்திவைப்பதைக் கட்டுப்படுத்துகிறது என்று நீங்களும் படித்திருக்கலாம். அதை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள். கூட்டரசு உதவித்தொகை பெற்று, கட்டணமும் முழுதாகத் தீர்ந்த பருவங்களுக்குத்தான் அது பொருந்தும். நீங்கள் அப்போது எச்-4 விசாவில் இருந்தீர்கள். உதவித்தொகைக்குத் தகுதியே இல்லை, எல்லாம் கைப்பணம். ஆகவே அந்த விதியின் நிழல் உங்கள்மேல் விழாது.

பல்கலைக்கழகத்தின் கட்டணப் பிரிவுக்கு நேரடியாக எழுதுங்கள். மூன்று கேள்விகள் போதும்: பாக்கி இன்னும் உங்களிடமே இருக்கிறதா, வசூல் நிறுவனத்துக்குப் போய்விட்டதா? தவணையில் கட்டலாமா? தவணை தொடங்கியதும் டிரான்ஸ்கிரிப்ட்டைக் காலேஜுக்கு மட்டுமாவது அனுப்புவீர்களா? மாணவர் கையில் தராவிட்டாலும் இன்னொரு கல்லூரிக்கு அனுப்பச் சம்மதிக்கும் இடங்கள் உண்டு. வசூல் நிறுவனத்துக்குப் போயிருந்தால் அவர்கள் சேர்க்கும் கூடுதல் தொகையையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.

இப்போது கிரீன் கார்டு இருப்பதால் பெல் எனப்படும் கூட்டரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் தகுதி வந்துவிட்டது. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். படிவம் நிரப்பக் கட்டணம் கிடையாது. வாழ்நாளில் 12 பருவங்களுக்கு அது கிடைக்கும், நீங்கள் ஒன்றையும் தொடவில்லை. அசோசியேட் பட்டம் வாங்கினாலும் அந்தத் தகுதி போகாது. நான்காண்டுப் பட்டம் வாங்கினால்தான் போகும்.

உங்கள் கணவர் சொல்வது

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இளங்கலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட். உங்களுக்கு இன்னும் பாதியளவு வேண்டும். இரண்டு குழந்தைகளையும் வேலையையும் வைத்துக்கொண்டு பருவத்துக்கு இரண்டு பாடம் என்று போனால் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த மேற்பார்வையாளர் நாற்காலி அதுவரை காத்திருக்காது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நீங்கள் இருவரும் நினைப்பதுதான் பிழை. கவர்ன்மென்ட் 2306 எந்த வழியில் போனாலும் படித்தாக வேண்டிய பாடம். அதை முடித்துவிட்டால் 42 கிரெடிட் பொதுப் பாடங்களும் நிறைவு பெற்றதாகக் காலேஜ் உங்கள் பதிவில் குறிக்க முடியும். அந்தக் குறிப்பு இருந்தால், டெக்சாஸின் எந்த அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் அந்த 42ஐ மொத்தமாக ஏற்க வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு பாடமாகப் பிரித்து 'இது செல்லும், அது செல்லாது' என்று சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், சுவரில் மாட்டும் பட்டத்தைவிட அந்த ஒரு வரிக் குறிப்புக்கு மதிப்பு அதிகம். வெளிமாநிலங்களையும் தனியார் பல்கலைக்கழகங்களையும் அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அசோசியேட் பட்டத்துக்கு எல்லையும் உண்டு. பில்லிங் மேற்பார்வையாளர் பதவிக்குப் போதும். சான்றுபெற்ற கணக்காளராக ஆக வேண்டும் என்ற பழைய ஆசை இன்னும் இருந்தால் இளங்கலை இல்லாமல் முடியாது. பதவி அறிவிப்பில் எந்த அசோசியேட் பட்டமும் செல்லுமா, வணிகத் துறையில்தான் வேண்டுமா என்று மனிதவளப் பிரிவில் இன்றே கேட்டுவிடுங்கள். பட்டம் 'கிடைக்கவிருக்கிறது' என்ற நிலையில் விண்ணப்பம் ஏற்பார்களா என்றும் கேளுங்கள்.

இனி நாத்தனார். நம் ஊரில் கல்லூரி மாறுவதே பெரும்பாடு; அதிலும் 'கீழே' இறங்குவது என்றால் ஏதோ கோளாறு என்றுதான் பொருள் கொள்வார்கள். இங்கே நடைமுறை வேறு. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் முதல் அரசுக் கம்யூனிட்டி காலேஜ் தொடங்கியதன் நோக்கமே, முதலிரண்டு ஆண்டுகளை வீட்டுக்கருகில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகட்டும் என்பதுதான். 40 கிரெடிட் படித்த இடத்தில் அந்தப் படிப்புக்கான பட்டத்தைக் கேட்டு வாங்குவதில் இறக்கம் எங்கே இருக்கிறது? இதை அவருக்கு விளக்க வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை.

எதை முதலில் செய்வது

எந்தப் பாடத்துக்கும் பணம் கட்டிப் பதிவு செய்யாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஆர்வத்தில் இரண்டு பாடம் எடுத்துவிட்டுப் பிறகு அவை கணக்கில் சேராது என்று கேட்டுத் திகைப்பார்கள். முதலில் காலேஜின் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: பழைய மாணவர் எண், பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்டுகள், ரிவர்ஸ் டிரான்ஸ்ஃபர் மூலம் அசோசியேட் பட்டத்தை முடிக்க விரும்புகிறேன், பட்டக் கணக்கெடுப்பு செய்து தாருங்கள் என்ற வேண்டுகோள். ஆறேழு ஆண்டு இடைவெளி என்பதால் மறுசேர்க்கை விண்ணப்பம் கேட்பார்கள், நிரப்பிக் கொடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே 870 டாலர் பேச்சைத் தொடங்குங்கள். கணக்கெடுப்புத் தாள் எழுத்தில் கைக்கு வந்த பிறகுதான் கவர்ன்மென்ட் 2306. எட்டு வாரத்தில் முடியும் இணையவழி வகுப்பு பல காலேஜ்களில் இருக்கிறது.

ஊரில் படித்த பி.காம். முதலாண்டைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைக் கடைசி ஆயுதமாக வையுங்கள். வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனத்துக்குக் கட்டணம், ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறை, அதற்கு உறவினர் யாராவது அலையும் அலைச்சல் என்று நீளும். விருப்பப் பாடத்தில் மூன்றோ ஆறோ கிரெடிட் மட்டும் இடித்தால், புதிதாக இரண்டு பாடம் படிப்பதைவிட அது மலிவா என்று அப்போது பார்க்கலாம். டெக்சாஸ் அரசுப் பாடத்துக்கு அது உதவாது.

இன்னும் ஒன்று, உங்கள் பட்டியல்களைப் பார்த்ததும் என் கண்ணில் பட்டது இதுதான். காலேஜ் பட்டியலில் உங்கள் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் இருக்கிறது. பல்கலைக்கழகப் பட்டியலில் கணவரின் பெயர். இடையில் கடவுச்சீட்டைப் புதுப்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு பெயரில் வரும் பதிவுகளைக் கணினி இணைக்காது; உங்கள் டிரான்ஸ்கிரிப்ட் எங்கோ ஒரு வரிசையில் கேட்பாரற்றுக் கிடக்கும். மறுசேர்க்கை விண்ணப்பத்தோடேயே திருமணச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு, கிரீன் கார்டு மூன்றின் நகலையும் கொடுத்துப் பெயரை ஒன்றாக்கச் சொல்லுங்கள். பாடம் முடிந்தாலும் பட்டம் தானாக வராது. அதற்குத் தனி விண்ணப்பமும் கடைசித் தேதியும் உண்டு. அந்தப் படிவத்தில் பட்டத்தில் அச்சிட வேண்டிய பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். மருத்துவமனையின் மனிதவளப் பதிவில் எப்படி இருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அப்படியே நிரப்புங்கள்.